காக்காய்க் கால் கம்பெனி முத்திரை இல்லை, தம்பி

பர்மாவில் மோல்மீன் வீட்டுப் பரணில் உன் தாத்தாவின் தச்சுப் பெட்டி கிடைத்தது, அதற்குள் ஒரு கைத்துரப்பணம் இருந்தது என்று எழுதியிருந்தாய். பட்டறையில் பிரேஸ் என்போமே, அதுதான். குமிழை நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு நடுவில் வளைந்த கம்பியைச் சுற்றிச் சுற்றித் துளை போடுவது. நீ சொன்ன முக்கிய அடையாளங்கள் இவை: வளைவுக் கம்பியில் '10 ஐஎன்' என்று வெட்டியிருக்கிறது, பக்கத்தில் காக்காய்க் கால் மாதிரி மூன்று கோடு, அதன் கீழே 1944. மரக் குமிழில் 'வி.எம்.' பெட்டியில் கிடந்த ஐந்தாறு பிட்டுகளில், அதாவது பிரேஸின் வாயில் மாட்டுகிற துளை போடும் முனைகளில், 'இர்வின்'. அளந்து பார்த்தால் ஐந்து அங்குலம்தான் வருகிறது, அப்புறம் ஏன் பத்து என்று போட்டிருக்கிறான் என்றும் கேட்டிருந்தாய். பக்கத்து வீட்டுப் பெரியவர் இது இர்வின் கம்பெனி, அமெரிக்கச் சாமான் என்கிறார். பழைய சாமான் வாங்க வருகிறவர் காக்காய்க் கால் ஒரு ஜெர்மன் கம்பெனியின் முத்திரை என்கிறார்.

இரண்டு பேர் சொன்னதும் தப்பு. இர்வின் இல்லை, ஜெர்மனியும் இல்லை, வி.எம். கம்பெனியும் இல்லை. பெரும்பாலும் இங்கிலாந்தில், ஷெஃபீல்டில், போர்க்காலத்தில் ராணுவத்துக்கென்று செய்த பிரேஸ் அது. செய்தவன் பெயரையும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் எடுத்த எடுப்பில் பெயரைத் தேடினால் என்னைப் போல இருபது வருஷம் தப்பான பெயரைச் சொல்லிக்கொண்டு திரிவாய், அந்தக் கதை பின்னால் வருகிறது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். தாத்தா விட்டுப்போன இந்த மாட்டை மட்டும் முதலில் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஐந்து அங்குலச் சந்தேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பிரேஸின் அளவு என்பது கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றும்போது போடுகிற வட்டத்தின் குறுக்களவு. குமிழிலிருந்து பிட்டு வரைக்கும் நேராக ஒரு கோடு ஓடுவதாக நினைத்துக்கொள், அதிலிருந்து கைப்பிடியின் நடு வரைக்கும் நீ அளந்தது ஐந்து, வட்டத்துக்கு அதன் இரட்டிப்பு பத்து. எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு என்றெல்லாம் வரும், வீட்டு வேலைக்கு எல்லோரும் வைத்திருப்பது பத்து. பியின்கடோ மாதிரி இரும்பாட்டம் கெட்டியான மரத்தில் பெரிய துளை போட வேண்டுமென்றால் பன்னிரண்டோ பதினான்கோ இருந்தால்தான் கைக்கு பலம் கிடைக்கும். அதனால் '10 ஐஎன்' என்பது பத்து அங்குலம், அவ்வளவுதான். அது மாடல் நம்பர் இல்லை. மாடல் நம்பர் போடுகிற கம்பெனிகள் அதைத் தனியாகப் போடும், அமெரிக்க ஸ்டான்லியின் 923-இல் '923-10' என்று நம்பரை ஒட்டியே அளவும் வரும்.

சரி, இர்வினுக்கு வருவோம். பிட்டு வேறு, பிரேஸ் வேறு. பேனாவில் இருக்கிற மையின் பெயரை வைத்துப் பேனாக் கம்பெனியைச் சொல்ல முடியாது இல்லையா, அது மாதிரி. இர்வின் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து வில்மிங்டன் ஊர்க் கம்பெனி, 1885-இல் தொடங்கியது, திருகு பிட்டு செய்தே பெயர் வாங்கியது. நடுவில் கெட்டியான தண்டு, அதைச் சுற்றி ஒற்றைத் திருகு ஏறியிருந்தால் இர்வின் பாணி. தண்டே இல்லாமல் இரண்டு திருகு பின்னிக்கொண்டு ஜடை மாதிரி இருந்தால் ரஸ்ஸல் ஜென்னிங்ஸ் பாணி. எந்தக் கம்பெனிப் பிட்டாக இருந்தாலும் வால் சதுரமாக, நுனிக்குப் போகப்போகச் சிறுத்து இருக்கும், எந்தப் பிரேஸிலும் மாட்டும். உன் பிட்டுகளின் வாலில் 4, 8, 12 என்று எண் இருக்கிறதா பார். அது அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்பது. 8 என்றால் அரை அங்குலம், 12 என்றால் முக்கால். துருவைத் துடைத்துவிட்டு அந்தப் பிட்டுகளை ஜாக்கிரதையாக வைத்துக்கொள். உண்மையில் பிரேஸைவிட நல்ல பிட்டுதான் கிடைப்பது கஷ்டம், நுனியில் இருக்கிற சின்னத் திருகாணி மழுங்காமல் இருந்தால் கொண்டாட்டம்.

'வி.எம்.' உன் தாத்தாதான், வேறு யார்? அல்லது அவருக்கு முன்னால் வைத்திருந்தவர். பட்டறையில் பத்துப் பேர் ஒரே மாதிரிச் சாமான் வைத்திருந்தால் ஆளாளுக்குத் தன் எழுத்தை அடித்துக்கொள்வார்கள், மரத்தில் அடிப்பதுதான் சுலபம். கம்பெனி அடிக்கிற எழுத்தையும் ஆள் அடிக்கிற எழுத்தையும் ஒரு பார்வையில் பிரித்துவிடலாம். கம்பெனி எழுத்து ஒரே அச்சில் மொத்தமாக விழுந்தது, வரிசை பிசகாது, ஆழம் ஒரே மாதிரி இருக்கும். ஆள் ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியலால் தட்டியிருப்பார், ஒன்று மேலே ஏறும், ஒன்று சாயும், ஒன்று இரட்டையாக விழுந்திருக்கும். சில குமிழ்களில் மூன்று பேரின் எழுத்து மூன்று விதமாக இருக்கும், ஒருவர் எழுத்தை இன்னொருவர் உளியால் சுரண்டிவிட்டுத் தன்னுடையதை அடித்திருப்பார். அதைப் பார்த்தாலே பட்டறைச் சண்டை காதில் கேட்கும்.

காக்காய்க் கால்தான் இதில் ருசியான விஷயம். அது அம்புக்குறி தம்பி, மேல்நோக்கிய அம்பு. பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கு நூற்றாண்டுகளாக அவர்கள் போட்டுவந்த அடையாளம். பீரங்கியிலிருந்து சுத்தியல் வரைக்கும், கைதிகள் போடுகிற உடுப்பில்கூட அது இருந்தது. பக்கத்தில் 'டபிள்யூ.டி.' என்று இருந்தால் போர் இலாகா. உலகப்போர்க் காலத்துச் சாமான்களில் வருஷத்தையும் சேர்த்தே அடித்துவிடுவார்கள், உன்னுடைய 1944 அதுதான். எந்த அரசாங்கம் என்பதும் அம்பிலேயே தெரியும். அம்பின் கீழே 'ஐ' எழுத்து இருந்தால் இந்திய அரசு, 'சி' எழுத்துக்குள் அம்பு நின்றால் கனடா, 'யூ'வுக்குள் நின்றால் தென்னாப்பிரிக்கா, இரண்டு பக்கமும் 'டி' இருந்தால் ஆஸ்திரேலியா. வெறும் அம்பு என்றால் பிரிட்டன். உன்னுடையதில் அம்புக்குக் கீழே சின்னதாக ஒரு நேர்கோடு நிற்கிறதா என்று நன்றாகப் பார், அது வெறும் கீறலா 'ஐ' எழுத்தா என்பது முக்கியம்.

1944-ஐப் போட்ட பிரேஸ் மோல்மீனுக்கு எப்படி வந்தது என்று யோசித்தால் அதுவும் நம் கதைதான். 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது பழைய சாமான்கள் எங்கெங்கோ போயின. ரங்கூனுக்கு எதிர்க்கரையில் டல்லாவில் ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் பெரிய கப்பல் பட்டறை இருந்தது, 1865-இல் வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள், கிளாஸ்கோவில் தலைமையிடம். எதிரி கையில் சிக்கக் கூடாதென்று தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்துவிட்டுப் போனார்கள். நம் ஜனங்கள் பாதிப்பேர் கால்நடையாக இந்தியா பக்கம் போனார்கள், பிரேஸையும் இழைப்புளியையும் யார் சுமப்பார்கள்? திரும்பி பிரிட்டிஷ் பட்டாளம் 1944, 45-இல் உள்ளே வந்தபோது பாலம் கட்டுகிறவன், படகு கட்டுகிறவன், தந்திக்கம்பம் நடுகிறவன் எல்லோருடனும் தச்சுச் சாமான் பெட்டி பெட்டியாக வந்தது. என் அப்பா அப்புறம் டல்லாவில் தச்சு வேலை பார்த்தார், அவர் கையில் இருந்த நல்ல சாமான் எதை எடுத்தாலும் அம்பு இருக்கும். 'அம்பு போட்டது அடிபட்டாலும் சாகாது' என்பார். சின்ன வயதில் நான் அதை முருகன் வேல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக அம்பு சொல்வது யாருக்காகச் செய்தது என்பதை. யார் செய்தது என்பதைச் சொல்வது வாய்தான்.

பிட்டு மாட்டுகிற வாய், சக் என்கிறோமே, அதன் வெளிச்சட்டை சொரசொரவென்று கோடு போட்ட உருளையாக இருக்கும். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வளைவை இடப்பக்கமாகச் சுற்றினால் திருகு கழன்று சட்டை தனியாக வந்துவிடும். துரு பிடித்து இறுகியிருந்தால் மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போடு, குறடு போட்டு நெரிக்காதே. உள்ளே இரண்டு தாடை இருக்கும், நடுவில் ஒரு சின்ன ஸ்பிரிங். சட்டையின் உள்பக்கம் நுனிக்குப் போகப்போகக் குறுகும், அதனால் சட்டையைத் திருக திருகத் தாடைகள் இரண்டும் நெருங்கி வந்து பிட்டின் சதுர வாலைக் கவ்விக்கொள்ளும். பார்த்தால் சாதாரணம். ஆனால் இந்த ஒரு யோசனைதான் பிரேஸ் வியாபாரத்தையே தலைகீழாக்கியது. வில்லியம் பார்பர் என்கிற அமெரிக்கர் 1864-இல் காப்புரிமை வாங்கியது இது. மில்லர்ஸ் ஃபால்ஸ் என்று மாசாசூசெட்ஸில் ஒரு கம்பெனி, 1868-இல் தொடங்கியது, இந்த வாயை வைத்துக்கொண்டே பெரிதாகியது. அங்கே காப்புரிமைக்கு அப்போது ஆயுசு பதினேழு வருஷம். 1881 தாண்டியதும் எல்லோரும் பார்பர் சக் போட ஆரம்பித்தார்கள், அமெரிக்காவில் போட்டான், ஷெஃபீல்டில் போட்டான், ஜெர்மனியில் போட்டான். அதனால் பார்பர் வாய் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக் கம்பெனியைச் சொல்ல முடியாது. ஆனால் பார்பர் வாய் இல்லாமல் வேறு வாய் இருந்தால், அந்த வாயே பெயரைச் சொல்லிவிடும்.

உதாரணமாக, வாயே இரண்டாகப் பிளந்து, பக்கத்தில் ஒரு காது வைத்த திருகால் நெருக்குகிற மாதிரி இருந்தால் அது ஸ்பாஃபோர்ட் பாணி, 1859 காப்புரிமை. அதைச் செய்து விற்றதில் பெயர்போனவர் கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட்டில் ஜான் ஃப்ரே. பெயர் அழிந்திருந்தாலும் பயல் மாட்டிக்கொள்வான். ஃப்ரே கம்பெனியை 1920-இல் ஸ்டான்லி வாங்கிவிட்டது. வாய்ப்பக்கம் தாடையே இல்லாமல் சதுரத் துளை மட்டும் இருந்து, பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு நாக்கு பிட்டு வாலின் பள்ளத்தில் போய் விழுகிற மாதிரி இருந்தால் ஸ்காட்ச் பிரேஸ் என்பார்கள், முழுக்க இரும்பு, பிரிட்டன் சரக்கு. அதைவிடப் பழசு என்றால் பீச் மரத்தில் செதுக்கிப் பித்தளைத் தகடு அறைந்த பிரேஸ், குமிழ் கருங்காலி. அதில் ராஜா என்றால் வில்லியம் மார்பிள்ஸ் செய்த 'அல்டிமேட்டம்'. மரத்துக்குமேல் தகடு இல்லை, பித்தளைச் சட்டத்துக்குள் கருங்காலியை அடைத்திருப்பார்கள். மார்பிள்ஸ் ஷெஃபீல்டில் 1828-இல் தொடங்கிய கம்பெனி. இந்த வகையில் பெயரைத் தேட வேண்டிய இடம் குமிழுக்குக் கீழே இருக்கிற பித்தளை வளையம். அப்படி ஒன்று மோல்மீனில் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன், 1826-இல் வெள்ளைக்காரன் அங்கே உட்கார்ந்த நாளிலிருந்து தேக்கும் கப்பல் கட்டுவதும்தானே அந்த ஊர்ப் பிழைப்பு. ஆனால் உன்னுடையது அது இல்லை, நீ எழுதியதிலேயே சட்டை கழன்று இரண்டு தாடை தெரிந்ததாக இருக்கிறது. அது பார்பர்.

பார்பர் என்று ஆனபிறகு பார்க்க வேண்டியது ராட்செட். சுவர் ஓரத்தில் முழுச் சுற்று சுற்ற இடமில்லாதபோது கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போட உதவுகிற பல்சக்கரம். பல் வெளியே தெரிகிறதா, இல்லை கூட்டுக்குள் மூடியிருக்கிறதா? இரண்டு பக்கமும் இரண்டு சின்னக் கொக்கி இருந்து, அதை மாற்ற ஒரு வளையத்தைத் திருப்புகிற மாதிரி இருக்கிறதா? முழுக்க மூடி, தூசியே போகாதபடி வழவழவென்று இருந்து வளையத்தைத் திருப்பினால் கடிகாரச் சாவி மாதிரி மெதுவாக 'டிக்' என்று விழுந்தால் அது ஃபிலடெல்ஃபியா நார்த் பிரதர்ஸின் 'யாங்கி' 2100 வகையாக இருக்கலாம். என் கணக்கில் உலகத்தில் அதற்கு மேல் ஒரு பிரேஸ் இல்லை, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். அந்தக் கம்பெனியையும் 1946-இல் ஸ்டான்லிதான் வாங்கியது. கனெக்டிகட்டின் பெக் ஸ்டோ அண்ட் வில்காக்ஸ் என்றால் 'சாம்சன்' என்ற பெயரையோ 'பி.எஸ்.அண்ட் டபிள்யூ' என்ற எழுத்தையோ தேடு.

மரத்தையும் பார். அமெரிக்கக்காரன் உயர்ந்த ரகத்துக்குக் கோகோபோலோ என்று செம்பழுப்பில் எண்ணெய் பளபளப்புள்ள மரத்தைப் போடுவான், அதற்குமேல் இரும்புக்கு நிக்கல் முலாம். பழைய அமெரிக்கப் பிரேஸ்களில் கைப்பிடி பிளக்காமல் இருக்க ஈய வெள்ளை நிறத்தில் மெல்லிய வளையம் பதித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலக்காரனின் சாதாரணச் சரக்கில் பீச் மரம், அதற்குக் கறுப்போ பழுப்போ பூச்சு. நீ 'கைப்பிடி கறுப்புப் பெயின்ட், உரிந்த இடத்தில் வெளிர் மரம், இரும்பில் முலாமே இல்லை' என்று எழுதியிருந்தாய். போர்க்காலத்தில் முலாமுக்கு நிக்கல் யார் கொடுப்பான்? சண்டைக்கு வேண்டியது போக மிச்சம் இருந்தால்தானே. முலாம் இல்லாதது, கறுப்புப் பூச்சு, பீச், அம்பு, 1944: இவை ஐந்தும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன.

இப்போது என் அவமானத்தைச் சொல்கிறேன். அப்பா விட்டுப்போன பிரேஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது, அம்பு போட்டது, 1943. வளைவில் 'ஸ்டான்லி' என்று நன்றாகத் தெரியும். ஸ்டான்லி என்றால் அமெரிக்கா, கனெக்டிகட், நியூ பிரிட்டன் என்று எனக்குத் தெரியுமே, அதனால் இது அமெரிக்காக்காரன் பிரிட்டனுக்குக் கடனாக அனுப்பிய சாமான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கதை விட்டேன். டீக்கடையில் ஒரு முழுச் சமோசாத் தட்டு காலியாகும்வரை விட்டிருக்கிறேன். ஒருநாள் என் மச்சான் மகன் அதைக் கையில் வாங்கி, கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்து, 'மாமா, இங்கே இன்னொரு வரி இருக்கே' என்றான். பெயின்டுக்கு அடியில் 'மேட் இன் இங்கிலாண்ட்.' விஷயம் என்னவென்றால், ஸ்டான்லி 1930-களின் இறுதியில் ஷெஃபீல்டில் ஜே.ஏ. சாப்மன் என்கிற பட்டறையை வாங்கி அங்கேயே செய்ய ஆரம்பித்துவிட்டது. சாப்மன் ஏற்கனவே பிரேஸ் செய்துகொண்டிருந்த பட்டறைதான். ஆக பெயர் அமெரிக்கப் பெயர், உலை ஷெஃபீல்டு உலை. பெயரை மட்டும் பார்த்ததால் இருபது வருஷம் தப்பாகச் சொன்னேன். மரத்தையும் பூச்சையும் பார்த்திருந்தால் முதல் நாளே சந்தேகம் வந்திருக்கும். உன்னுடையதும் அதே ஜாதியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் நான் எழுத்தைப் பார்க்காமல் சத்தியம் செய்யத் தயாராக இல்லை, ஒரு தரம் சூடுபட்டாயிற்று.

பெயரே ஏமாற்றுகிற இன்னொரு வழியும் உண்டு. விற்கிற கடைக்காரன் தன் பெயரைப் போடச் சொல்லி மொத்தமாக வாங்குவான். 'கீன் கட்டர்' என்று பார்த்தால் அது செய்தவன் பெயர் இல்லை, செயின்ட் லூயிஸ் சிம்மன்ஸ் ஹார்ட்வேர் என்கிற வியாபாரியின் முத்திரை, செய்தது வேறு பட்டறைகள். அப்படிப்பட்டதற்கும் மருந்து வாயும் ராட்செட்டும்தான். பெயரை மாற்றிப் போடலாம், அதற்காகப் பட்டறையில் அச்சையெல்லாம் மாற்ற மாட்டான்.

நாட்டின் பெயர் இருக்கிறதா என்பதும் ஒரு தடயம். பிரிட்டனில் 1887-இலும், பர்மாவையும் சேர்த்திருந்த அன்றைய இந்தியாவில் 1889-இலும் வணிக முத்திரைச் சட்டம் வந்தது, அமெரிக்காவில் 1890 சுங்கச் சட்டம். அதற்குப் பிறகுதான் சாமான்களில் 'இங்கிலாண்ட்', 'ஜெர்மனி' என்று நாட்டின் பெயர் கண்ணில் பட ஆரம்பிக்கிறது. 'டி.ஆர்.ஜி.எம்.' என்று இருந்தால் ஜெர்மன் பதிவு, 1891-க்கு அப்புறம். 'ஆக்குபைடு ஜப்பான்' என்றால் போருக்குப் பின்னால், 1952-க்குள். அமெரிக்கப் பிரேஸ்களில் 'பேட்.' என்று போட்டு ஒரு தேதி இருக்கும், அதைப் பார்த்ததும் அந்த வருஷம் செய்தது என்று குதிக்கக் கூடாது. அது காப்புரிமை கொடுத்த தேதி, அச்சை மாற்றாமல் பல வருஷம் அதையே அடித்துக்கொண்டிருப்பார்கள். பல தேதி இருந்தால் கடைசித் தேதிக்குப் பிறகு செய்தது, அவ்வளவுதான் சொல்லலாம்.

இனி நீ செய்ய வேண்டியது. தயவுசெய்து உப்புத்தாள், கம்பி பிரஷ், கிரைண்டர் எதையும் தொடாதே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய பிரேஸைப் பளபளவென்று ஆக்கி முதலாளியிடம் காட்டலாமென்று சாணைச் சக்கரத்தில் பிடித்தேன், பளபளப்பு வந்தது, எழுத்து போயிற்று, முதலாளி பேசியதை இங்கே எழுத முடியாது. புளி போட்டுத் தேய்க்கலாமே என்று அம்மா சொல்வார்கள், குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு வேண்டாம். புளிப்பு துருவோடு சேர்த்து இரும்பையும் தின்னும், எழுத்தின் ஓரம் மழுங்கிவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் முதலில் அழுக்கை எடு, அப்புறம் மிக மெல்லிய இரும்புப் பஞ்சு, அதுவும் எண்ணெய் விட்டுத்தான், எழுத்து இருக்கிற இடத்தில் விரல் நுனி அளவு அழுத்தம் போதும். பெயின்ட் இருக்கிற இடத்தைச் சுரண்டாதே, பெயின்டுக்கு மேலேயே எழுத்தின் பள்ளம் தெரியும்.

தேட வேண்டிய இடங்கள் எங்கே என்றால், வளைவுக் கம்பியில் ராட்செட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருக்கிற நேர்த்துண்டு முதலில், பெரும்பாலும் அங்கேதான். அப்புறம் சக் சட்டையின் வெளிப்பக்கம். குமிழின் அடியில் இருக்கிற இரும்பு வட்டு, மூன்று திருகாணி போட்டிருக்குமே, அதிலும் இருக்கலாம். கடைசியாகத் தாடைகளைப் பார், அதை யாரும் பார்ப்பதில்லை. நல்ல இருட்டு அறையில் கைப்பேசி விளக்கை இரும்போடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடி, நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, சாய்ந்து விழுகிற வெளிச்சத்தில்தான் பள்ளத்தில் நிழல் விழும். அதற்கும் மசியாவிட்டால் கொஞ்சம் விபூதியைத் தடவி மேலாக ஊதிவிடு, வெள்ளை எழுத்தின் பள்ளத்தில் தங்கும். பர்மாவில் முகத்தில் பூசுகிற தனக்காக் கட்டையை அரைத்துக் காய்ந்த பொடி இருந்தால் இன்னும் நல்லது, அது நுணுக்கமாக இறங்குகிறது. என் மனைவியின் கல்லிலிருந்து வழித்து எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தாலும் வரும், சின்ன வயதில் காசைத் தேய்த்து எடுப்போமே அப்படி.

பழைய சாமான்காரர் என்ன விலை சொன்னார் என்று எழுதவில்லை. அவர் ஜெர்மன் என்றது தெரியாமலா விலையைக் குறைக்கவா என்று எனக்கென்ன தெரியும். ஆனால் இந்த ரகப் பிரேஸ் லட்சக்கணக்கில் செய்தது, விற்றுப் பணக்காரனாக முடியாது. பித்தளைச் சட்டம் போட்ட அல்டிமேட்டத்துக்கு வெளிநாட்டில் பைத்தியம் பிடித்து அலைகிறவர்கள் உண்டு, நம்முடைய கறுப்புப் பெயின்டுக்கு யாரும் அலைய மாட்டார்கள். ராட்செட்டில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு அரை அங்குலப் பிட்டைப் போட்டுத் தேக்குப் பலகையில் ஒரு துளை போட்டுப் பார், சுருள் சுருளாக மரம் வெளியே வருகிற அழகைப் பார்த்தபிறகு விற்பதா வைத்துக்கொள்வதா என்று நீயே முடிவு செய்.

ஆமாம், சொல்ல மறந்தேன், நீ இதைத் துரப்பணம் என்று எழுதியதைப் படித்து எனக்குச் சந்தோஷம். டல்லாவில் இந்துஸ்தானிக்காரர்கள் துளைபோடுகிற கருவிக்கு 'பர்மா' என்பார்கள், அவர்கள் பாஷையில் அதுதான் பெயர். 'பர்மாவை எங்கேடா வைத்தாய்' என்று கங்காணி கத்தினால் அப்பா, 'கிளாஸ்கோவுக்குப் போயிருச்சு' என்பாராம்.

எனக்கு அனுப்ப வேண்டியது மூன்று படம்: சட்டையைக் கழற்றித் தாடை தெரிகிற மாதிரி ஒன்று, ராட்செட்டைப் பக்கவாட்டில் ஒன்று, விபூதி தடவிய எழுத்து ஒன்று. அம்புக்குக் கீழே 'ஐ' உண்டா என்பதையும் எழுது. பெயின்டுக்கு அடியில் 'எஸ்' எழுத்தில் தொடங்குவது தெரிந்தால் அவசரப்பட்டு ஸ்டான்லி என்று சொல்லிவிடாதே, ஷெஃபீல்டும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது. சட்டையைக் கழற்றும்போது கீழே ஒரு துணியை விரித்துக்கொண்டு கழற்று, தாடைக்கு நடுவில் இருக்கிற அந்தச் சின்ன ஸ்பிரிங் சொல்லாமல் கொள்ளாமல் பறக்கும். பறந்துவிட்டால் அலமாரிக்கு அடியில் பார். என்னுடையது மூன்று நாள் கழித்து அங்கேதான் கிடைத்தது.